நாலரைக் கட்டை

ஜூலை மாதத்துப் புதன்கிழமை ஒன்று, மூன்றாவது பீரியட். இசை மிஸ் சுருதிப் பெட்டியின் விசையைத் தட்டிவிட்டு, "திருநின்றவூர், நீ மட்டும்" என்கிறார். பெஞ்சின் ஓரத்தில் இருந்தவள் எழுந்து நின்று வர்ணத்தின் கடைசிப் பகுதியைப் பாடத் தொடங்குகிறாள். கீழ்ச் சுரங்களில் தடையே இல்லாமல் போய்வந்த குரல், மேல் ஷட்ஜத்தைத் தாண்டிக் காந்தாரத்தைத் தொடும் இடத்தில் இரண்டாகப் பிளக்கிறது. அவள் நிறுத்திவிட்டு, தாவணி மடிப்புக்குச் சற்று மேலே, கழுத்தெலும்பின் குழியில் மூன்று விரல்களை வைத்துக்கொள்கிறாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொல்கிறாள்: "ஊட்ல வர்து மிஸ்."

இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மிஸ் முதலில் அவளுடைய தமிழைத் திருத்தினார். பிறகு, வீட்டில் வருவது இங்கே மட்டும் ஏன் வராமல் போகிறது என்று கேட்டார். கோபத்தில் கேட்டதல்ல, அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. எங்கள் யாருக்குமே புரியவில்லை.

எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து டைரி எழுதும் பழக்கம் உண்டு. எண்பத்தொன்பதாம் வருடத்து டைரியில் அந்தப் புதன்கிழமைக்கு நேராக, "தி. மறுபடி காந்தாரம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மழையா வெயிலா, ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்பதையெல்லாம் வரி தவறாமல் குறித்துவைத்த பெண், அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. 'மறுபடி' என்ற சொல்லில் ஒரு சலிப்பு தெரிகிறது. இன்று படிக்கும்போது அந்தச் சலிப்புக்காக வெட்கப்படுகிறேன்.

அம்பத்தூரில் எங்களுடையது பெண்கள் பள்ளி. அந்த ஆண்டுதான் பதினோராம் வகுப்பில் இசையை ஒரு பாடமாகச் சேர்த்திருந்தார்கள். பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மைக்குகளும் ஒரு டேப் டெக்கும் வாங்கிக் கொடுத்திருந்ததால், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பீரியட் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பற்றியும் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வகுப்பறை, பழைய வேதியியல் கூடத்தில் தட்டி கட்டித் தடுத்த பாதி. சுவரோரம் ஒரு வாஷ்பேசின் அப்படியே இருந்தது. மிஸ் அதற்குள் புத்தகங்களை அடுக்கியிருந்தார். சேர்ந்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரில் இருவருக்கு ஒரே பெயர், வேறு இருவருக்கு ஒரே எழுத்தில் வித்தியாசம். மிஸ் ஒரு வாரம் தடுமாறிவிட்டு, எங்களை ஏறும் ஸ்டேஷனின் பெயரால் அழைக்கத் தொடங்கினார். வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, திருநின்றவூர் என்று அவர் வருகைப் பதிவு எடுப்பது ரயில் கால அட்டவணையை வாசிப்பதுபோல இருக்கும். நான் ஆவடி. நான் எழுதப்போவது அட்டவணையின் கடைசி ஸ்டேஷனைப் பற்றி. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் வாயில் அவளுக்கு அந்தப் பெயர்தான் வருகிறது.

மற்ற நால்வரும் ஏழெட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வாத்தியார் வந்து பாட்டுக் கற்றவர்கள். எனக்குப் பாட்டு வராது. ஒயர்களும் ஊசி ஆடும் மீட்டர்களும் பிடிக்கும் என்பதால் சேர்ந்தவள் நான். செய்முறையில் பாட்டுக்கு ஏதோ ஒப்பேற்றிவிட்டு, கருவிகளில் ஈடுகட்டிக்கொண்டேன். திருநின்றவூர் எங்கள் யாரைப்போலவும் இல்லை. அவள் தாத்தா காலம்வரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கோயிலில் பாடுகிற குழுவில் எட்டு வயதிலிருந்து பாடியதுதான் அவள் கற்ற பாட்டு. காலைப் பிரார்த்தனையில் அவள் குரலைக் கேட்டுவிட்டு, வகுப்பு வகுப்பாகத் தேடிப் போய் அழைத்துவந்து சேர்த்தவர் மிஸ். மகளைத் தட்டெழுத்தும் கணக்கும் படிக்கிற பிரிவில் சேர்க்க நினைத்திருந்த அவள் அப்பாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான்.

பாட்டுப் பழகச் சுருதி வேண்டும். மற்றவர்கள் வீட்டில் பெட்டி இருந்தது. அவள் வீட்டில் இருந்தது மாமா வாங்கிக்கொடுத்த சின்ன டேப் ரிக்கார்டர், ஒற்றை ஸ்பீக்கர் வைத்தது. பள்ளிச் சுருதிப் பெட்டியின் ஒலியை ஒரு கேசட்டில் பதிந்துகொடுத்தால் வீட்டில் அதை ஓடவிட்டுப் பழகலாம் என்று யோசனை சொன்னது நான். பள்ளியின் டேப் டெக் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். அதனால் எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னைத் துணிப்பையில் போட்டு ரயிலில் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கு முந்தைய வாரம்தான் அது பாட்டை இழுத்து இழுத்துப் பாடுகிறது என்று என் அண்ணன் அதைத் திறந்து, ஆவடி மார்க்கெட்டில் வாங்கிய புது பெல்ட் ஒன்றை மாட்டியிருந்தான். மாட்டி முடித்ததும் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இப்போ ஜோரா கீது பாரு" என்றான். எங்கள் எல்லோர் காதுக்கும் ஜோராகத்தான் இருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு மதிய இடைவேளையில், அறைக் கதவைச் சாத்திவிட்டு, அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சுருதியை மட்டும் பதிந்தேன். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் சுருதியும் உயரும். மிஸ் எல்லோருக்கும் ஐந்து கட்டைச் சுருதியைத்தான் வைத்திருந்தார். ஆறு பேரும் சேர்ந்து பாட ஒரே சுருதி வேண்டும் என்பது அவர் நியாயம். பெட்டியின் குமிழில் ஐந்துக்கு நேராக நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, அதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். பதிந்து முடித்ததும் அங்கேயே கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, பெட்டியின் பக்கத்தில் வைத்து ஒலிக்கவிட்டுச் சோதித்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வெள்ளிக்கிழமைக் கருவி வகுப்பை எடுத்த பௌதிக சார் கற்றுக்கொடுத்தபடி லேபிளில் நாள், இடம், பதிந்தவர் பெயர் எல்லாம் எழுதி, கீழே 'ஐந்து கட்டை' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் இட்டேன். எதையும் சோதிக்காமல் எழுத மாட்டேன் என்ற கர்வம் எனக்கு அப்போதே உண்டு.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நடந்ததைச் சொல்வது சிரமம், ஏனென்றால் நடந்தது ஒன்றேதான். வகுப்பில் அவள் பாடுவாள். காந்தாரத்தில் குரல் உடையும். அல்லது உடையாமலிருக்கச் சுருதியைவிட்டுக் கீழே இறங்கும். வீட்டில் வருகிறது என்பாள். மிஸ் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: இது பயம். நாலு பேர் முன்னால் நின்றால் தொண்டை இறுகிக்கொள்கிறது. அந்த முடிவுக்கு வந்தபின் அவர் காட்டிய அக்கறையெல்லாம் அந்தப் பயத்தைப் போக்குவதிலேயே போனது. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மிளகும் பனங்கற்கண்டும் பொட்டலம் கட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். பள்ளி முழுவதும் கூடும் காலை வேளையில் அவளைத் தனியாக மேடையேற்றிப் பாடவைத்தார். ஆயிரம் பேர் முன்னால் காந்தாரம் உடைந்தது. வில்லிவாக்கம் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி பாகவதர்' என்று பெயர் வைத்தாள். நான் சிரிக்கவில்லை என்று டைரியில் எழுதியிருக்கிறேன். ஆனால் நானும் ரயிலில், கண்ணை மூடிக்கொண்டு பாடு, எதிரே யாரும் இல்லையென்று நினைத்துக்கொள் என்றெல்லாம் அவளுக்கு உபதேசம் செய்தவள்தான்.

அவள் பயப்படுகிற பெண்ணே இல்லை. கூட்டமான ரயிலில் இடித்தவனை நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்கிறவள். அப்படிப்பட்டவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை நம்பத் தொடங்கியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அக்டோபர் வாக்கில் அவள் வகுப்பில் கேள்விக்குக் கை தூக்குவதை நிறுத்தியிருந்தாள். ஒரு நாள் அண்ணனூர் தாண்டும்போது, "ஒரு வேள நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது ஆவாதுபோல கீதுடி" என்றாள். அந்த 'நம்மள'வில் நான் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதே வாரம் மிஸ் அவளுடைய அப்பாவை வரவழைத்து, அரையாண்டுத் தேர்வின் செய்முறையில் மேல் சுரங்கள் நிற்காவிட்டால் ஜனவரியில் பிரிவு மாற்றிவிடுவதே அவளுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது மிஸ்ஸின் குரல் தழுதழுத்தது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அவள் அப்பா, "பரவால்ல மேடம், டைப்பு கத்துகினா எஸ்டேட்லயே வேலை கெடைக்கும்" என்று மிஸ்ஸுக்கு ஆறுதல் சொன்னாராம்.

நவம்பரில் மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டில் வருகிறது என்றால் வீட்டையே இங்கே கொண்டுவா என்று நான் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டு, தன் டேப் ரிக்கார்டரை ஒயர் கூடையில் வைத்து, பாலிதீன் தாள் மூடிக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் டேப் டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைப்பது என் வேலை என்பதால் அறைச் சாவி என்னிடம் இருந்தது. சாப்பாட்டு வேளையில் இருவர் மட்டும் உள்ளே போனோம். அவள் பெஞ்சின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, கேசட்டை ஓடவிட்டு, பாடினாள். காந்தாரம் வந்தது. அதில் நின்றாள், அசைத்தாள், நிதானமாக இறங்கிவந்தாள். ஐந்து மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். சந்தோஷத்தில், இதே சூட்டோடு பள்ளிப் பெட்டியிலும் பாடிவிடு என்று சொல்லிக்கொண்டே, கேசட்டை நிறுத்தாமல் சுருதிப் பெட்டியின் விசையைத் தட்டினேன்.

இரண்டு சுருதிகளும் ஒன்றோடொன்று உரசி, அறை முழுக்கக் கரகரவென்று ஒரு நடுக்கம். சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாடி அது சத்தம்" என்றார்கள். அவள் ரிக்கார்டரில் பேட்டரி வலுவிழந்திருக்கும் என்றேன். நேற்றுதான் புதிது போட்டதாக அவள் சொன்னாள். கேசட்டை எடுத்துப் பள்ளி டெக்கில் போட்டேன். அங்கேயும் அதே உரசல். ஒலியை நிறுத்தாமல், மிஸ்ஸின் சிவப்புப் பொட்டைவிட்டுக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திருப்பினேன். நடுக்கம் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றுபோன இடத்தில் குமிழ் நாலரையைக் காட்டியது.

பெட்டி சரி, டெக் சரி, அவள் ரிக்கார்டர் சரி. தப்பு என் கேசட்டில். அன்று பிற்பகல் பௌதிக சாரிடம், யாருக்கோ நேர்ந்ததுபோலக் கேட்டேன். பதிகிற கருவி கொஞ்சம் வேகமாக ஓடினால், வேறு கருவியில் போடும்போது ஒலி தாழ்ந்துதான் கேட்கும் என்றார். பதிந்த கருவியிலேயே கேட்டால்? அவர் யோசிக்கவேயில்லை. "பக்கத்துத் தண்டவாளத்துல இன்னொரு ரயில் அதே வேகத்துல வந்தா, எதிர் ஜன்னல்ல இருக்கறவர் நகராமத்தானேம்மா தெரிவாரு" என்றார். அண்ணன் மாட்டிய பெல்ட் எங்கள் டூ-இன்-ஒன்னைச் சற்று வேகமாக ஓட்டியிருக்கிறது. வேகமாக ஓடும் கருவியில் பதிந்ததை அதே கருவியில் கேட்டுவிட்டு, சரிபார்த்தேன் என்று நான் அடிக்கோடு இட்டிருக்கிறேன். அவளோ மாலையில் என் நாலரையிலும் காலையில் மிஸ்ஸின் ஐந்திலுமாகப் பாடியிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரயில் பயணம். அவ்வளவு தூரம் ஒரு சுருதியை யார் காதும் நினைவில் சுமந்துவராது.

ஆனால் அந்த விளக்கமெல்லாம் பிற்பகலில்தான். மதியம், குமிழ் நாலரையில் நின்றபோது, அவள் பெட்டியைப் பார்த்தாள், லேபிளில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தாள். அழுவாள் அல்லது அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சிலிருந்து இறங்கித் தாவணியைச் சரிசெய்துகொண்டு, ஏதோ ஒரு கணக்கை முடித்தவள்போல, "அப்போ எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள். டெக்கை நிறுத்திவிட்டு, "நானே நம்பிட்டேன்டி" என்றாள்.

உடனே மிஸ்ஸிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றாள். அப்படியானால் இன்றைக்கே டெக்கில் சரியான ஐந்து கட்டையில் வேறு கேசட் பதிந்து தருகிறேன் என்றேன். அவள் கேசட்டை எடுத்து ஒயர் கூடையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு, "இத்த நீ தொடக் கூடாது" என்றாள். மிஸ்ஸிடம் நான் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக இவ்வளவு தூரம் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அன்றைய டைரியில் அப்படித்தான் எழுதினேன்: "தி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெரிய மனசு." தேர்வுக்கு இருந்த மூன்று வாரங்களும் அவள் வகுப்பில் எப்போதும்போல ஐந்து கட்டையில் பாடி, காந்தாரத்தில் உடைந்து, மிஸ் கொடுத்த மிளகை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் கழுத்துக்குழியில் விரல் வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

செய்முறைத் தேர்வு டிசம்பரில். வேறொரு பள்ளியிலிருந்து வயதான ஓர் ஆசிரியை தேர்வாளராக வந்திருந்தார். பாடுவதைப் பதிவுசெய்வது என் செய்முறையில் ஒரு பகுதி. அதனால் மற்ற ஐந்து பேர் பாடும்போதும் நான் மூலையில் டெக்கின் பக்கத்திலேயே இருந்தேன். தேர்வாளர் ஒவ்வொருத்தியிடமும் பெயரும் சுருதியும் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். ஐந்து, ஐந்து, ஐந்து என்று பதில் வந்துகொண்டிருந்தது. கடைசியாக இவள் வந்து உட்கார்ந்தாள்.

"சுருதி?"

"நாலரைங்கம்மா."

மிஸ் சட்டென்று குனிந்து, "அஞ்சுதான். பயத்துல மாத்திச் சொல்றா" என்றார்.

"பயம் இல்ல மிஸ்," என்றாள். "எனக்கு நாலரை."

தேர்வாளர் கண்ணாடியை இறக்கி இருவரையும் பார்த்தார். "அவங்கவங்க தொண்டைக்கு அவங்கவங்க சுருதி. இதுல என்ன இருக்கு? வெச்சுக்கோம்மா" என்றார். மிஸ் கை நீட்டுவதற்குள் அவளே எட்டிக் குமிழைத் திருப்பினாள். கண்ணை மூடவில்லை. வர்ணத்தின் நடுவில் ஒரு சுர வரிசையில் தடுமாறி, நிறுத்தி, மன்னிப்புக் கேட்காமல் திரும்ப எடுத்தாள். காந்தாரம் வந்தபோது நான் மீட்டரைப் பார்க்க மறந்துவிட்டேன். ஊசி சிவப்புக்குள் போய் அந்த இடம் பதிவில் இரைந்துபோனது. அதற்காக எனக்கு மதிப்பெண்ணும் குறைந்தது.

அவள் இசை வகுப்பிலேயே இருந்தாள். பயம் போய்விட்டது பார்த்தாயா, மிளகு வேலை செய்தது என்று மிஸ் அவள் முதுகில் தட்டினார். அவளும் ஆமாம் மிஸ் என்றாள். ஆனால் மிஸ் நாங்கள் நினைத்ததைவிடக் கூர்மையானவர். ஜனவரி முதல் வாரத்தில் வகுப்புக்கு வந்தபோது குமிழில் சிவப்புப் பொட்டு சுரண்டப்பட்டிருந்தது. ஒன்றும் விளக்காமல், ஒவ்வொருத்தியையும் தனியாக நிறுத்தி எது வசதி என்று பாடவைத்துப் பார்த்தார். ஐந்து கட்டையில் இத்தனை மாதமாகச் சுகமாகப் பாடுவதாக நாங்கள் நம்பியிருந்த வில்லிவாக்கத்துக்கு ஐந்தரை பொருந்தியது.

அவள் கச்சேரிப் பாடகி ஆகவில்லை. இப்போது திருநின்றவூரில் ஒரு சின்னப் பள்ளியில் பாட்டு டீச்சர். ஞாயிறுகளில் கோயில் பாடகர் குழு அவள் பொறுப்பு. போன வருடம் மார்ச் மாதம், சனிக்கிழமை காலையில் அவள் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். கைப்பேசியில் தம்புரா வைத்திருக்கிறாள். விரலால் தள்ளினால் எந்தச் சுருதிக்கும் போகிறது, பெல்ட்டும் மோட்டாரும் கிடையாது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது, முப்பது வருடத்துக்கும் மேலாக நன்றியாகவே சுமந்துவந்த ஒன்றை அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டேன். மிஸ்ஸிடம் சொல்லாமல் ஏன் என்னைக் காப்பாற்றினாய்?

அவளுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள்.

"உன்னை எங்கடி காப்பாத்துனேன்? சொல்லியிருந்தா மிஸ் இன்னா பண்ணியிருப்பாங்க? உன்னை ரெண்டு வார்த்த திட்டிட்டு, அஞ்சுல கரெக்டா ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லியிருப்பாங்க. நீயும் நாள், தேதி, லேபிளு எல்லாம் ஒட்டிக் குடுத்திருப்ப. மூணு வாரம் அத்த வெச்சிப் பழகிட்டு நான் போய் பரீட்சையில நின்னிருக்கணும்." கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். "அதுல எனக்குப் பாட வராதுடி."